ஆணியில் குத்திய சீட்டும் 'அடுத்தது யாரு'வும்

ஆரணியில் பட்டுக்கு அடுத்தபடியாகப் பேர் வாங்கியிருக்க வேண்டிய ஆள், என் மாடி ரூமில் மூன்று வருஷம் குடியிருந்த மனுஷர்தான். எனக்கே அவருக்குப் பிறகுதான் இடம். இந்த மரியாதையை நான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

தெருவில் அவருக்கு 'அடுத்தது யாரு' என்றே பெயர். நாற்பது வயசு, வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. சலூனோ ரேஷன் கடையோ, கூட்டத்தைப் பார்த்தால் நின்றுவிடுவார். "இதுல அடுத்தது யாரு? ஏன் அவரு?" என்று விசாரிப்பார். தன் முறை வந்ததை மட்டும் மறந்துவிடுவார்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒரு தறியை இருபது தறியாக்கியது இந்த மண்டைதான். வருகிற சேலை ஆர்டரைச் சீட்டில் எழுதி ஆணியில் குத்துவேன். அதுதான் என் ஆபீஸ். ஒருநாள் அவர் அந்த ஆணியை அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"முதலாளி, கடைசியா வந்த சீட்டுதானே மேல கீது? முதல்ல வந்தவங்க அடியில மாட்டிகினு இன்னா பண்ணுவாங்க?"

"போன்ல கத்துவாங்க. உருவி எடுப்பேன்."

சாயங்காலமே காலிச் சேலைப் பெட்டிகளைத் தரையில் பரப்பினார். உச்சியில் ஒன்று, அதன் கீழே இரண்டு, ஒவ்வொன்றின் கீழும் இரண்டிரண்டு. ஒரு பெட்டி ஒரு ஆர்டர்; எல்லாவற்றிலும் ஒரு கல்யாணத் தேதி. புதுப்பெட்டி கடைசியில் உட்காரும். மேலே இருப்பதைவிடத் தன் தேதி முந்தி என்றால் இடம் மாற்றிக்கொண்டு ஏறும். உச்சிப் பெட்டி தறிக்குப் போனதும், கடைசிப் பெட்டியைத் தூக்கி உச்சியில் வைத்தார்.

"அய்ய! கடைசி ஆளுக்கு முதலாளி நாற்காலியா?"

"கீழ ரெண்டு பேர்ல யாருக்கு ஜல்தியோ அவன் மேல ஏறுவான். இவன் சறுக்கிகினே தன் இடத்துக்கு வந்துடுவான். எல்லாத்தையும் வரிசையா அடுக்கற பேஜாரே வேணாம். உச்சி சரியா இருந்தா போதும்."

ஆர்வம் தாங்காமல் நானும் தரையில் உட்கார்ந்து பெட்டி நகர்த்தினேன். அதையே அவர் கம்ப்யூட்டரில் எழுதினார். அந்தப் புரோகிராமுக்கு நான் வைத்த பேர் பொட்டி. எந்த வேலைக்கும் ஆகும். யார் முந்தி என்ற விதியை மட்டும் நாம் சொல்ல வேண்டும். நான் சொன்னேன்: "முகூர்த்தம் கிட்ட இருக்கறது முதல்ல. தேதி இல்லாதவங்க கடைசி."

அதே பொட்டியை டிபன் கடைக்கும் கொடுத்தார். யாருக்குப் பஸ் சீக்கிரமோ அவருக்கு முதல் இட்லி. மறுநாளே அங்கிருந்த அத்தனை பேருக்கும் சேத்துப்பட்டு பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்காரர்கள்.

என் கடையில் எல்லாம் ஜோராக நடந்தது, பெரணமல்லூர் கஸ்தூரியம்மா வரும் வரை. பள்ளிக்கூடச் சத்துணவு சமைக்கிறவர். நீலத்தில் ஒரு பட்டுச்சேலை சொல்லி எட்டு மாசமாகியிருந்தது.

"இன்னாங்க, என் சேலை எப்பதான் தறி ஏறும்?"

"கல்யாணத் தேதி சொல்லும்மா."

"யாருக்குக் கல்யாணம்? நான் கட்டிக்கணும், அவ்ளோதான். இந்த மாசமும் இல்லன்னா சீட்டைக் கிழிச்சிடுங்க. ஆசையே போச்சு."

மாடியைப் பார்த்துக் கத்தினேன். இறங்கி வந்து விஷயத்தைக் கேட்டவருக்குப் புதையல் கண்ட மாதிரி கண் விரிந்தது.

"அட! புதுக் கல்யாணம் ஒவ்வொண்ணும் இவங்கள முந்திகினே இருக்கு! ஆணியிலயும் அடியில, இங்கயும் அடியில!"

"உன் பொட்டி தப்பு."

"பொட்டி சரி முதலாளி. விதி உங்களுது."

இருபது தறிக்காரனைப் பார்த்து, வாடிக்கையாளர் எதிரில்! ஆனால் யோசித்தால் அவர் சொன்னது சரி. விதியை மாற்றினேன்: தேதி இல்லாதவர்களுக்கு, சீட்டு எழுதிய நாளிலிருந்து மூன்றாம் மாசம்தான் முகூர்த்தம். அந்தக் கெடு தாண்டி அஞ்சு மாசமாகியிருந்த கஸ்தூரியம்மா சீட்டு விருட்டென்று உச்சிக்கு ஏறியது. நெய்து முடித்ததும் அதைக் கட்டிக்கொண்டே கடைக்கு வந்து காட்டிவிட்டுப் போனார்.

போன வருஷம் 'அடுத்தது யாரு' வேலை மாறி ஊரைவிட்டுப் போனார். திரும்பி வருவேன் என்று சொல்லவில்லை. மாடி ரூமை நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்லோரையும் அதே பொட்டியில்தான் போட்டு வைத்திருக்கிறேன். எவ்வளவு அவசரக்காரர் வந்தாலும் உச்சியில் இருக்கும் 'அடுத்தது யாரு' என்ற பெயர் அசைவதில்லை. அந்தச் சீட்டில் தேதியே கிடையாது.

பொட்டி அவருடையது. விதி என்னுது.