கதவைக் கழட்டின கரடி

ஏன்டா குமரகுரு, பாட்டி கரடிக் கதை சொன்னா சிரிக்கிற? ஒரே மிஷினுக்குள்ள நாலு கம்ப்யூட்டர் ஓடுது, ஒவ்வொண்ணும் மொத்த மிஷினும் தனக்குத்தான்னு நெனச்சுக்கிட்டு ஓடுது, நடுவுல ஹைப்பர்வைசர்னு ஒருத்தன் ஒண்ணத் தூங்க வெச்சு இன்னொண்ண எழுப்பி விடுறான்னு நீ சொன்ன. நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேசினேனா? கரடி திருகை வெச்சிருந்துச்சுன்னா மட்டும் உனக்கு நம்ப முடியல. வாய மூடிட்டுக் கேளு.

ஒரு காட்டுல, காட்டுக்குள்ள ஒரு குகையில, அங்கம்மான்னு ஒரு கரடி. அதுக்குன்னு இருந்தது ஒரே ஒரு திருகை. அதுல மாவரைக்க முயல், ஆமை, மயில்னு மூணு பேர். மூணு பேருமே ரோஷக்காரங்க. அடுத்தவன் கை வெச்ச கல்லுல நாங்க அரைக்க மாட்டோம்னுட்டாங்க. அதனால அங்கம்மா ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா, "இந்தக் கல்லு பூரா உனக்குத்தான் கண்ணு"ன்னு சொல்லி வெச்சிருந்துச்சு.

முயல் கொஞ்சம் அரைக்கும். அங்கம்மா ஒரு தாலாட்டுப் பாடும். ரெண்டாவது அடிக்குள்ள முயல் தூங்கிரும். அந்தத் தாலாட்டு லேசுப்பட்டதில்ல. ஒருதரம் நரி வீட்டுக் கல்யாணத்துல பாடப்போயி, மாப்பிள்ளை தாலியக் கையில வெச்சுக்கிட்டே தூங்கி, முகூர்த்தம் தப்பி, பொண்ணு வேற ஒருத்தனோட... அது கெடக்கட்டும். முயல் தூங்கினதும், கை எந்தப் பக்கம் சுத்துச்சு, கேவுரு எது வரைக்கும் அரைஞ்சுதுன்னு தேக்கு எலையில கீறி வெச்சுட்டு, முயல உள்ள கெடத்திட்டு ஆமைய எழுப்பிக் கொண்டாந்து உக்கார வெக்கும். முழிச்சவங்க எல்லாம் ஒரு கண்ணு செமிட்டினோம்னுதான் நெனப்பாங்க.

இதுல ஒரே தொல்லை கதவு. யாராவது தட்டுனா, அரைக்கிற ஆளத் தூங்க வெக்காம அங்கம்மா எழுந்திரிக்க முடியாது. முழிச்ச கண்ணோட விட்டுட்டுப் போனா, உள்ள படுத்திருக்கிறவங்களப் பாத்துருமே. ஆக ஒரு தட்டுக்கு ஒரு தாலாட்டு, ஒரு எலை, கதவு, திரும்ப எலை, திரும்ப எழுப்பல். அணில் தானியம் கொண்டாந்தா ஒரு தட்டு, காக்கா நெருப்புக் கேட்டு வந்தா ஒரு தட்டு. அந்தக் காக்கா வீட்டுல அடுப்பே கெடையாது, எதுக்கு நெருப்புன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எப்படியோ சமாளிச்சுது.

அந்த வருஷம் சிங்கத்தோட ஆபீஸ்லேருந்து ஓலை வந்துச்சு. மழைக்கு முன்னாடி மூணு பேரு தானியமும் மாவாகணும், ஆகலைன்னா திருகைய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு. எங்க தாமதமாகுதுன்னு அளக்க ஒரு மரங்கொத்தியும் கூடவே வந்துச்சு.

 அங்கம்மாவுக்குத் தேன்கூட்டுல கைய விட்டுக் கொட்டு வாங்குற வயசு தாண்டிருச்சு. கல்லு போனா வேற பொழப்பு தெரியாது.

மரங்கொத்தி நூறு எண்ணும், கதவக் கொத்தும்.

"அங்கம்மா, இந்த நொடி உள்ள என்ன நடக்குது?"

"உங்களுக்குக் கதவு தொறக்குறேங்கய்யா."

'கதவு திறத்தல்'னு தன்னோட எலையில எழுதிக்கும். மறுபடி நூறு எண்ணும். மறுபடி தட்டு, தாலாட்டு, எலை, கதவு. சாயங்காலத்துக்குள்ள அங்கம்மாவுக்குத் தொண்டை கட்டிருச்சு. ஒரு படி மாவு விழல.

"என்னம்மா இது, காலையிலேருந்து கதவத்தான் தொறந்துருக்கீங்க. அரைக்கவே இல்லையே."

"நீங்க தட்டுறதாலதானுங்கய்யா."

"யாரு தட்டுறாங்கன்னு பாக்குறது வேற செக்‌ஷன். என் வேலை என்ன நடக்குதுன்னு எழுதுறது மட்டும்தான்."

அங்கம்மா அன்னிக்கே கதவக் கழட்டிப் போட்டுட்டு, வாசல்ல வைக்கோல அடைச்சுது. வைக்கோலக் கொத்துனா சத்தமா வரப்போகுது? அணில் மூட்டைய வெளிய வெச்சுட்டுப் போயிரும். பொழுதுக்கு ஒருதரம் அங்கம்மாவே எட்டிப் பாத்து எடுத்துக்கும். தாலாட்டு கொறைஞ்சுது, கல்லு சுத்துச்சு. மூணே நாள். மேகம் கருக்குறதுக்குள்ள மூணு பேரு குதிரும் ரொம்பிருச்சு.

சிங்கம் நேர்ல வந்துச்சு. மரங்கொத்தி எலைய நீட்டுச்சு.

"மூணு நாளா கொத்துறேன் ராசா. ஒரு பதில் இல்ல. உள்ளே ஒன்றும் நடக்கவில்லைன்னு முந்நூறு தடவை எழுதியிருக்கேன்."

"மாவு கண்ணு முன்னாடி இருக்கே சாமி," அங்கம்மா சொல்லுச்சு.

"இருக்கு, இல்லேங்கல," மரங்கொத்தி சொல்லுச்சு. "ஆனா அரைச்சதா என் எலையில இல்லையே."

அங்கம்மா உள்ள ஓடி மூணு பேரையும் எழுப்பிக் கூட்டியாந்துச்சு. "சொல்லு முயலு, நான் என்ன பாடு பட்டேன்னு சொல்லு."

முயல் கண்ணத் தேச்சுக்கிட்டு அங்கம்மாவ மேலயும் கீழயும் பாத்துச்சு. "நான் பாட்டுக்கு என் கல்லுல ஒண்டியா அரைச்சேன். இந்தம்மா எதுக்கு நடுவுல?"

ஆமையும் அதையேதான் சொல்லுச்சு. மயிலும் அதையேதான். ஒரே கல்லு எப்படி மூணு பேருக்கும் முழுசா சொந்தமாகும்னு சிங்கம் கேக்கல. மூணு பேரும் ஒண்ணு போலச் சொல்றாங்களே, நெசமாத்தான் இருக்கும்னு தலையாட்டிருச்சு.

திருகை நரிகிட்டப் போச்சு. நரி குகையில நாலு கதவு, நாலுலயும் மணி. எப்பத் தட்டுனாலும் "வந்துட்டேனுங்க"ன்னு கொரல் வரும். அதுக்கப்பறம் அங்க ஒரு படி மாவு விழல. மரங்கொத்தி எலையில மட்டும் எடமில்லாம ரொம்பிருச்சு. அங்கம்மா மழையில நனைஞ்சுக்கிட்டே தேன்கூடு தேடிப் போச்சு.

நீதி: வேலை செய்யாட்டியும் குத்தமில்ல, தட்டுறவங்களுக்கு ஒரு கதவ வெச்சுக்கணும், ஒருத்தருக்கும் தெரியாத மாதிரி நல்லா வேலை செஞ்சா, செஞ்சதே இல்லேன்னு ஆயிரும்.

அடியே வசந்தா, வாசல்ல சிலிண்டர்காரன் எவ்வளவு நேரமாத் தட்டுறான், அவன சிலிண்டர உள்ள கொண்டாந்து வெச்சுட்டுப் போகச் சொல்லு.