பச்சையம்மாவின் ஆரோக்கியம் காணாமல்போன விவகாரம்

ஆரோக்கியம் ஒவ்வொரு மனிதனுக்கும் பிறப்புரிமை என்று அரசு கொள்கையளவில் ஏற்றுக்கொண்டதும், மணலிப் பக்கம் உள்ள எங்கள் வார்டு சுகாதார நிலையத்துக்கு ஒருவரை அனுப்பிவைத்தது. டாக்டரை அல்ல, அந்தப் பணியிடம் காலிதான். வந்தவர் தத்துவ அடிப்படை அலுவலர் நீலமேகம்.

ஆலைப் புகையில் இழுப்பு கண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிய பச்சையம்மா அவரிடம் போனாள். தெருவே துணைக்குப் போனோம்.

"மூச்சு வுட முடியல சார். அந்த வாயில வச்சி இழுக்குற பஃப் ஒண்ணு குடு."

"அம்மா, ஆரோக்கியம் உங்களுக்குப் பிறந்தபோதே வழங்கப்பட்டுவிட்டது. ஒரே பயனாளிக்கு இரண்டாம் முறை வழங்கினால் ஆடிட்டில் கேள்வி வரும்."

"குட்த்தது பூட்ச்சு சார்."

"தொலைந்திருந்தால் போலீஸ் சான்றிதழ் கொண்டுவாருங்கள்."

ஸ்டேஷனில் எஸ்.ஐ. அன்பாகத்தான் விசாரித்தார். "யார் மேலயாவது சந்தேகம் இருக்காம்மா?" பச்சையம்மா ஜன்னல் வழியே தெரிந்த ஆலைப் புகைபோக்கியைக் காட்டினாள். அவர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு, 'தேடியும் கிடைக்கவில்லை' என்று எழுதி முத்திரை குத்தினார்.

நீலமேகம் அதைப் படித்துப் பூரித்துப்போனார். "மனிதனிடமிருந்து அவன் உரிமையைப் பிரிக்க முடியாது என்பது தத்துவத்தின் முதல் பாடம். உங்களிடமிருந்து பிரிந்துவிட்டது. ஆகவே..."

"ஆகவே இன்னா சார்?"

"நீங்கள் மனிதர் அல்ல. தத்துவப்படி சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்." கால்நடை மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் மேசையைக் கவிழ்த்திருப்பேன். ஆனால் பச்சையம்மாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. சீட்டைப் பிடுங்கிக்கொண்டு ஆட்டோ பிடித்தோம்.

அங்கே டாக்டர் இருந்தார். மருந்தும் இருந்தது. டாக்டர் ரூத் சீட்டைப் பார்த்தார். "இதே பஃப்தான், பூனைகளுக்கு வச்சிருக்கோம். ஆனா வளர்க்கிறவங்க கையெழுத்து இல்லாம தரக்கூடாது. இவங்களை யார் வளர்க்கிறாங்க?"

பச்சையம்மாவை யாரும் வளர்க்கவில்லை. அவள்தான் புருஷனையும் பிள்ளைகளையும் வளர்க்கிறாள். வேறு வழியின்றி கவுன்சிலர் பகலவனுக்குப் போன் போட்டோம். தேர்தலுக்கப்புறம் தெருப்பக்கம் தலைகாட்டாதவர், விஷயத்தைக் கேட்டதும் பறந்து வந்தார்.

"அல்லாம் நம்ம வளர்ப்புதான் டாக்டர்," என்று பச்சையம்மாவுக்கு மட்டுமல்ல, தெரு மொத்தத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார்.

பச்சையம்மா பஃப்பை வாயில் வைத்து இழுத்தாள். முகம் தெளிந்தது. எங்களுக்கும் இருமல் இருந்ததால் வரிசையில் நின்றோம்.

மூச்சு திரும்பியதும் அவள் சொன்ன முதல் வார்த்தை: "இந்த தபாவும் என் ஓட்டு ஒனக்குத்தான் நைனா."

நாங்களும் தலையாட்டினோம்.