அட்டை அக்காவும் செலொப்பியாத்தின் ஐந்து பெண்களும்

தூத்துக்குடியில் பெண்பிள்ளைகளுக்குத் துணிச்சலை ரேஷன் போட்டுக் கொடுத்த ஒரே ஆள் எங்கள் மகளிர் விடுதி மேட்ரன்தான். சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. எல்லாருக்கும் அவள் அட்டை அக்கா.

புத்தாண்டில் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்போம், வருஷத்துக்கு ஒரு பைபிள் வசனம். அக்காவுக்கு அதுவரை பொறுமை ஏது? பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, பழைய ஏற்பாட்டுப் பெண்களின் பெயர்களை எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுத் தினமும் காலையில் வாசலில் நிற்பாள். எடுத்தவள் அன்று முழுக்க அந்தப் பெண்ணாகவே நடக்க வேண்டும். நியாயாதிபதி தெபோராளை எடுத்த நர்ஸ் ஒருத்தி, முத்தையாபுரம் பஸ்ஸில் சீட்டுச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்லப் போய், இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டை விட்டாள். எதிரித் தளபதிக்குப் பால் கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றிப்பொட்டில் ஆணி அடித்தவள் யாகேல். அவள் எனக்கு வந்த அன்று, அக்கா விடுதிச் சுத்தியலை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் என்னை வேலைக்கு அனுப்பினாள்.

அப்பா இறந்த மூன்றாம் மாதம் சித்தப்பா கூப்பிட்டார். சாயர்புரம் வீட்டில் எனக்கு உரிமை வேண்டாம் என்று அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். ஆண்வாரிசு இல்லாத வீடாம். ஒரே மகள் நான். சண்டை எதற்கு, கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று கிளம்பினேன். அக்கா டப்பாவைக் குலுக்காமலே நீட்டினாள். வந்தது செலொப்பியாத்தின் குமாரத்திகள். உடன்பிறந்த ஆண்பிள்ளை இல்லாத ஐந்து பெண்கள்; மோசேக்கும் மொத்தச் சபைக்கும் முன்னால் நின்று அப்பாவின் பங்கைக் கேட்டு வாங்கியவர்கள்.

"அஞ்சு பேருல்லா போனாளுவ. நீ ஒத்தையில போயி என்னத்தளா கேப்ப?"

அடுக்களையைப் பூட்டி, லீவில் இருந்த விடுதிப் பெண்கள் மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு என்னோடு பஸ் ஏறிவிட்டாள். சித்தப்பாவிடம் பேச வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். பின்சீட்டுக்காரர்கள்கூடத் தலையாட்டினார்கள்.

சித்தப்பா பத்திரத்தையும் பேனாவையும் என்னிடம் நீட்டினார். வழியெல்லாம் பேசிய அக்கா என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டாள். அவள் பயந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆவேசம்.

"இது எங்க அப்பா வீடு சித்தப்பா. நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சித்தப்பா ஐந்து பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். காப்பி வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை சிரித்துக்கொண்டே ஓடினோம்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எங்க அண்ணன் நீட்டுன பத்திரத்துல நான் வாசிக்காமலே போட்டுட்டேன்ளா. அன்னைக்கு எங்கூட வர ஒருத்தி இல்ல."

சாயர்புரம் வீட்டுக்கு இப்போது இரண்டு சாவி. ஒன்று அக்காவிடம். விடுதி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நேரே அங்கேதான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு என்ன வேலை?