திறந்திருந்த கேட்டும் கேட் பாயும்

ரயிலே வராத ரயில்வே கேட்டைப் பார்த்து நடுங்குகிற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவரும் ராமநாதபுரத்தில் எங்கள் தெருவிலேயே வந்து வாய்த்தார். கேட் பாய் என்பார்கள். சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் சம்சாரத்துக்கே மறந்திருக்கும்.

சவுதியில் லாரி ஓட்டித் திரும்பியவர். இங்கே ஸ்கூட்டரில் காற்று இருக்கிறதா என்று தெருமுனைக்குத் தெருமுனை இறங்கிப் பார்ப்பார். ஒருமுறை அவரைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனேன். மணலுக்குள் பழைய ரயில் பாதையின் தடம் மட்டும் கிடந்தது. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

“பாய், எங்க தாத்தா காலத்துலயே இங்கன ரயிலு நின்னுபோச்சு!”

“அதுக்காகப் பாக்காமப் போயிரலாமா? எறங்கி உருட்டிக்கிட்டு வாங்க தம்பி.”

உருட்டினேன். வேறென்ன செய்ய?

இப்படிப்பட்டவர் ஓய்வு நேரத்தில் என்ன செய்வார் தெரியுமா? மூடிப்போன ரயில்வே கேட்டுகளைத் தேடிப்போய் மேப்பில் குறிப்பார். யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று ஊர் கூடி இன்டர்நெட்டில் வரைகிற மேப் ஒன்று இருக்கிறதே, அதில்தான். சுரங்கப்பாதை கட்டியதும் கேட்டை அடைத்துவிடுவார்கள். மேப்பில் மட்டும் பாதை ஜம்மென்று நேராகப் போகும். நம்பிப் போனால் கல்லும் கம்பியும்தான் வரவேற்கும்.

பாயும் அப்படி மாட்டியவர்தான். உம்மா மௌத், அம்மா இறந்துவிட்டார் என்று கேட்டுச் சவுதியிலிருந்து பறந்து வந்தார். வெளியூர் டாக்ஸி, போன் காட்டிய வழியில் போய் அடைத்த கேட்டில் முட்டி நின்றது. அவர்கள் வழக்கத்தில் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, ரொம்ப நேரம் வைத்திருக்க மாட்டார்கள். மகனுக்காகக் காத்துக் காத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார்கள். சுற்றி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது. “மூஞ்சியப் பாக்கல தம்பி” என்பார். உடனே பேச்சை மாற்றி, எங்கள் வீட்டு கேஸை மூடினேனா என்று கேட்பார்.

அப்பேர்ப்பட்டவரே ஒருநாள் கோட்டை விட்டார். உச்சிப்புளிப் பக்கம் அடைத்த கேட் ஒன்றைக் குறிக்கப் போனார். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்று போனை நோண்டப் பயம். ஸ்கூட்டரைக் கிளப்பித் தள்ளிப் போய், நிதானமாகக் குறித்துவிட்டு வந்தார். போன், தான் நிற்கிற இடத்தைத்தானே குறிக்கும்? அவர் தள்ளிப்போய் நின்றது அடுத்த கேட். நன்றாகத் திறந்திருக்கிற கேட்!

மறுநாள் அந்த வழியாக ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினேன். போன் என்னை ஊரெல்லாம் சுற்றிவரச் சொன்னது. பாயைக் கூப்பிட்டேன்.

“அந்தக் கேட்டை எப்ப பாய் அடைச்சாக?”

“யா அல்லாஹ்! நாந்தான் தம்பி அடைச்சுப்புட்டேன்!”

உடனே திருத்தினார். ஆனால் முந்தைய நாள் மேப்பை இறக்கி வைத்திருக்கிறவர்கள் போனில் பழைய தப்புதான் இருக்கும். “யாராச்சும் மையித்துக்கு வந்தா என்ன செய்வாக?” என்று அலறிவிட்டுப் போனை வைத்தார். நான் கல்யாணத்தை விட்டுவிட்டு ஓடினால், கேட்டுக்குத் திரும்புகிற இடத்தில், சம்சாரத்தின் சிவப்புச் சேலையை ஆட்டிக்கொண்டு நடுரோட்டில் நிற்கிறார்!

“யோவ் பாய், ரயிலு ரோட்டுக்கே வந்துருச்சா?” என்று மீன் வண்டிக்காரர் கத்திவிட்டுப் போனார். பாய் அசரவில்லை. வருகிற வண்டியையெல்லாம் மறித்து, “போனை நம்பாதீங்க, கேட்டு தொறந்திருக்கு” என்றார்.

கூரையில் பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஒரு கார் வந்தது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிறவர் கார். பாய் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் ஜன்னலில் குனிந்தார்.

“தம்பி... வீட்டுல யாரு மௌத்து?”

உள்ளே இருந்த இளைஞன் பதறிப்போனான். “ஏன் மாமு இப்படிக் கேக்குறீங்க? லீவுல வாரேன். உம்மா சோறாக்கி வச்சிட்டு உக்காந்திருக்காக. இந்தப் போனு என்னடான்னா சுத்திப் போகச் சொல்லுது.”

பாய் கார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

“சுத்தாதீங்க வாப்பா. நேராப் போங்க. கேட்டு தொறந்துதான் இருக்கு. உம்மா இருக்காகல்ல, வெரசாப் போங்க.” கார் நகர்ந்ததும் பின்னாலேயே ஓடினார். “ரெண்டு பக்கமும் பாத்துப் போங்க!”

சேலையின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். பொழுது சாயும்வரை நின்றோம்.

இப்போதெல்லாம் தண்டவாளமே இல்லாத இடத்திலும் வண்டியை நிறுத்தி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் தாண்டுகிறேன். எனக்கு ஏதாவது ஒன்று என்றால் பாய் தாங்கமாட்டார்.