மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பன்னீர்செல்வத்தின் வீட்டு வராந்தாவில் கூடியிருந்தவர்கள்: காண்ட்ராக்டர் பன்னீர்செல்வம், மளிகைக்கடை இந்திராணி, மீன்வலை விற்கும் வங்காளி பிஸ்வாஸ், கப்பல் டிக்கெட் ஆபீஸ் கிளார்க் குழந்தைவேலு, அவர் மனைவி அலமு, பன்னீர்செல்வத்தின் நாய். திருடன் ஒருத்தன்தான் பாக்கி. அவனைப் பற்றிப் பேசத்தான் கூட்டமே.

பார்த்தவர் பிஸ்வாஸ். தீவுக்கு வந்ததிலிருந்து இந்த டாலிகஞ்சில் தமிழர்களுக்கு நடுவே இருப்பதால் நன்றாகவே தமிழ் பேசுவார். பயந்தால் மட்டும் இந்தி வந்துவிடும்.

"தோனோ ஹாத் மே தாவ் தா, பாய்! ரெண்டு கையிலயும் தாவ்!"

தேங்காய் வெட்டுகிற பெரிய கத்திக்குத் தீவில் தாவ் என்று பேர். குழந்தைவேலு நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டார்.

"வீட்டுக்குப் பின்னாடி மண் பாதையில போனான். லைட் இல்ல, காலடிச் சத்தம் இல்ல. முதுகுல மூட்டை. பூத் மாதிரி, பேய் மாதிரி போனான்."

"மூட்டையில என்ன இருந்துச்சு?" என்றார் குழந்தைவேலு.

"நாளைக்கு வந்தா கேட்டு வைக்கச் சொல்லவா?" என்றாள் இந்திராணி.

நான்கு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர் மோட்டார் பின்பக்கம் ஒரு சின்ன அறையில் இருந்தது. கதவுக்கு வெளியே ஒரு கொண்டி, அவ்வளவுதான். மோட்டார் போனால் நான்கு வீடும் குடத்தோடு அலைய வேண்டும். பங்கு போட்டு ஒரு பூட்டு வாங்கலாம் என்றார் பன்னீர்செல்வம்.

குழந்தைவேலு தொண்டையைச் செருமினார். அலமு கண்ணை மூடிக்கொண்டாள்.

"பூட்டு தேவையா, ஆசையா?"

கல்யாணமான நாளிலிருந்து அலமுவின் காதில் விழுந்துவரும் கேள்வி அது. உலகத்தில் எல்லாவற்றையும் அவர் இந்த இரண்டில் ஒன்றாகப் பிரித்துவிடுவார். சோறாக்க காஸ் தேவை. வெந்நீர் வைக்க ஆசை. அதற்கு வழியில் பொறுக்கி வரும் தேங்காய் மட்டை போதும். செருப்பு தார் ரோட்டில் தேவை, மண் பாதையில் ஆசை. டார்ச் அமாவாசைக்குத் தேவை, மற்ற நாளில் ஆசை. போனுக்கு நெட் எந்த நாளிலும் ஆசைதான்.

"அண்ணே, அவன் ரெண்டு தாவ் வச்சிருக்கான்," என்றாள் இந்திராணி.

"கொண்டி இருக்கிற கதவுக்குப் பூட்டு ஆசைம்மா."

"சரி விடுங்கண்ணே," என்றார் பன்னீர்செல்வம். "நாங்க மூணு வீடும் வாங்கிக்கிறோம். இனிமே சேதியெல்லாம் வாட்ஸப் குரூப்ல வரும். உங்களுக்குத்தான் அது வராது."

வாய்தான் தைரியமாகப் பேசியது. வீட்டுக்கு வந்ததும் குழந்தைவேலு கொல்லைக் கதவைக் கொடிக்கயிற்றால் கட்டினார். அந்தக் கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த துணி தரையில் கிடந்தது.

"ஒரு தாழ்ப்பாள் வாங்கினா என்ன?" என்றாள் அலமு.

"கயிறு இருக்குல்ல?"

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு பஸ்ஸில் வந்து இறங்கும்போதே இருட்டிவிட்டது. தீவில் சூரியனும் சிக்கனம்தான், ஐந்தரைக்கு மேல் எரியாது. வீட்டுக்கு இரண்டு வழி. தார் ரோட்டில் விளக்கு உண்டு, ஆள் உண்டு, பேக்கரியும் உண்டு. பின்பக்க மண் பாதையில் எதுவும் கிடையாது. கடை இல்லாத பாதையில் ஆசை இல்லை என்பதால் எப்போதும் அவர் அந்த வழியாகத்தான் வருவார். இன்று தாவுக்குப் பயந்து தார் ரோட்டில் நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அலமு அவர் சட்டையிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தாள். பப்ஸ் செதில்.

"முட்டை பப்ஸா?"

அவர் மீதிச் செதிலையும் தட்டிவிட்டார்.

"எனக்கும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல?"

"அது ஆசை அலமு."

"அப்ப நீங்க தின்னது?"

"தவறு."

திருடனாவது தாவைக் காட்டிக்கொண்டு வருகிறான், பப்ஸ் வாசனையிலேயே கழுத்தை அறுத்துவிடுகிறது. ஆகவே செவ்வாய்க்கிழமை பழைய பாதைக்கே திரும்பினார். ஆனால் நடக்கவில்லை. ஒரே ஓட்டம்.

புதன்கிழமை காலை இந்திராணி கடையிலிருந்து அலமு செய்தி கொண்டுவந்தாள். "இப்ப ஓடுறானாம்ங்க. பிஸ்வாஸ் அண்ணன் பாத்தாராம்."

குழந்தைவேலு கொல்லைக் கதவுக் கயிற்றை இன்னொரு முறை இறுக்கினார். "எந்தப் பக்கம்?"

"நம்ம வீட்டுப் பக்கம்."

வெள்ளைச் சட்டை இருட்டில் காட்டிக்கொடுக்கும் என்று தோன்றியது. அன்றைக்குப் பரணிலிருந்த கறுப்பு மழைக்கோட்டை எடுத்துக்கொண்டு போனார். அதன் முதுகில் இருந்த கிழிசலை அலமு சிவப்பு நூலால் தைத்திருந்தாள், கறுப்பு நூல் வாங்குவது ஆசை என்பதால்.

மறுநாள் செய்தி: "கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு வர்றானாம்."

குழந்தைவேலு ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். "நான் கோட்டு போட்டது அவனுக்கு எப்படித் தெரிஞ்சது? என்னைப் பாத்துக்கிட்டே இருக்கான் அலமு! நான் செய்யறதையெல்லாம் செய்யறான்!"

அலமு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மூலையில் கிடந்த தேங்காய் மட்டைச் சாக்கைப் பார்த்தாள். வாசலில் புதுக்கருக்குக் குலையாமல் இருந்த செருப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா..."

"சத்தம் போடாதே! கேட்டுக்கிட்டு இருப்பான்!"

அன்று மாலை ஒவ்வொரு வீட்டுப் பின்சுவரையும் பிடித்து எட்டிப் பார்த்து, அவன் ஒளிந்திருக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டுதான் மேலே நகர்ந்தார். வெள்ளிக்கிழமை காலை அலமு வந்து நின்றாள். அவளுக்குச் சிரிப்பா அழுகையா என்று முகத்தில் தெரியவில்லை.

"இந்திராணி வீட்டு அடுப்படியை எட்டிப் பாத்தானாம்."

"ஐயோ! நானும் அங்கதான் எட்டிப் பாத்தேன். அப்ப அவன் என் முதுகுக்குப் பின்னாலயே நின்னிருக்கான்!"

செத்துப்போனால் மெயின்லேண்டிலிருந்து சொந்தக்காரர்கள் கப்பலில் வந்து சேர்வதற்குள் காரியமே முடிந்துவிடும், விமானத்தில் வந்தால் செலவு வேறு என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு டார்ச் எடுத்துட்டாவது போங்க," என்றாள் அலமு. அமாவாசைக்கு இன்னும் நாள் இருந்தது. எடுக்கவில்லை.

"அப்ப உங்க இஷ்டம்," என்று அவள் இந்திராணி கடைக்குக் கிளம்பினாள்.

அன்று மாலை தார் ரோடு முடிந்த இடத்தில் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிக் கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார். தோளில் சாக்கு. மேலே கோட்டு. மூச்சை அடக்கி நடந்தார். முதல் வீடு தாண்டியது. இரண்டாவது வீட்டின் முருங்கை மரத்தடியில் ஏதோ அசைந்தது.

"சோர்! சோர்! திருடன்!"

பிஸ்வாஸின் குரல். நாய் குரைத்தது. நாலைந்து டார்ச் வெளிச்சம் ஒன்றாகப் பாய்ந்தது. "விடாதே, பிடி!" என்று பன்னீர்செல்வம் கத்தினார்.

வந்துவிட்டான்! குழந்தைவேலு பிய்த்துக்கொண்டு ஓடினார். அவர் வளைந்த பக்கமெல்லாம் சத்தமும் வளைந்தது. அவர் வேலியைத் தாண்டினால் "வேலியைத் தாண்டுறான்!" என்றார்கள். அப்படியென்றால் அந்தப் பாவி சரியாகத் தன் முதுகுக்குப் பின்னாலேயே வருகிறான். திரும்பிப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. பிடரியில் தாவின் காற்றுப் படுவதுபோல இருந்தது.

எதிரே மோட்டார் ரூம். கதவு, யாரோ வேண்டுமென்றே திறந்துவைத்ததுபோல, விரியத் திறந்திருந்தது. உள்ளே பாய்ந்து மோட்டாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

யாரோ வெளியே கதவை அறைந்து சாத்தினார்கள். கொண்டி விழுந்தது. கிளிக் என்று புதுப் பூட்டு விழுந்தது.

குழந்தைவேலுவுக்கு உயிர் திரும்பியது. எந்தப் புண்ணியவானோ தன்னைக் காப்பாற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டான். இனி எத்தனை தாவ் வந்தாலும் ஒன்றும் நடக்காது. ஒரு பூட்டு இவ்வளவு நல்ல பொருளா என்று முதல்முறையாக நினைத்தார்.

"பிடிச்சாச்சு!" என்றார் பன்னீர்செல்வம் வெளியே.

பிடித்துவிட்டார்கள்! குழந்தைவேலு இருட்டில் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். செருப்புகள் பட்டென்று மோதிக்கொண்டன.

"ஆவாஸ் சுனா? சத்தம் கேட்டுச்சா? தாவைத் தட்டுறான்!" என்றார் பிஸ்வாஸ்.

"அலமு அக்கா," இது இந்திராணி, "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. பூட்டு தேவையா ஆசையான்னு அவரும் ஒரு தடவை பாக்கட்டும்."

கதவிடுக்கில் ஒரு டார்ச் வெளிச்சம் உள்ளே வந்தது. அது கோட்டின் முதுகில், சிவப்பு நூல் தையலில், கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அணைந்தது.

"அவரு பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு," என்றாள் அலமு. "சாவியை எங்கிட்டக் குடு இந்திராணி. பேக்கரி வரைக்கும் போயிட்டு வந்து தொறந்துக்கலாம்."