ஓட்டை வீடும் வாங்க வந்தவர்களும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுங்கைப் பட்டாணியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. காளிதாசன் தொலைக்காட்சிக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்து மடியில் சோற்றுத் தட்டை வைத்திருந்தார். தட்டில் ஆட்டுக்கறி. முதல் கவளத்தை உருட்டினார். தலைக்கு மேலே ஊறி உப்பிப்போயிருந்த சிலிங் பலகை, இதுதான் நேரம் என்று தொப்பென்று தட்டிலேயே விழுந்தது.

காளிதாசன் எழுந்தார். கைலியெல்லாம் குழம்பு. மீசையெல்லாம் சுண்ணாம்பு.

"விக்கிறேன்! இன்னிக்கே விக்கிறேன்!" என்று அலறினார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி லோகேஸ்வரி குரல் கொடுத்தாள். "விக்குதா? தண்ணி குடிங்க."

"விக்கல் இல்லடி! வீட்ட விக்கிறேன்! ஓட்டு வீடுன்னு வாங்குனேன், ஓட்டை வீடா ஆயிருச்சு!"

தானாக ஆகவில்லை. ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புக்கு மேற்பார்வையாளர் காளிதாசன். எந்த மிஷினாவது இருமினால் போதும், நட்டைத் திருகி நேராக்கிவிட்டுத்தான் மறுவேலை. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் அந்தக் கைகளுக்கு வாதம் வந்துவிடும். கூரை ஒழுகுகிறது என்று லோகேஸ்வரி சொன்னால் "பார்க்கலாம்லா." அடுப்படியில் காற்றில்லை என்றால் "பார்க்கலாம்லா." பாத்ரூம் தரை வழுக்குகிறது என்றாலும் அதே பதில்தான். அந்தத் தரையில் அவள் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிக் கிடந்தபோது மட்டும் பதில் மாறியது. "பார்த்து நடக்கத் தெரியாதா?" என்று கேட்டார்.

"வித்துட்டு எங்கங்க போறது?" லோகேஸ்வரி கரண்டியோடு வந்து நின்றாள்.

"அபார்ட்மெண்ட்! அடுக்குமாடி! நடு மாடியா பார்த்து வாங்குவோம். மழை பெஞ்சா மேல உள்ளவன் தலையில ஒழுகட்டும்!"

லோகேஸ்வரி தட்டில் கிடந்த பலகையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "சரிங்க. வித்துருவோம்" என்றாள்.

பெரிய சண்டைக்கு மூச்சைப் பிடித்து வைத்திருந்த காளிதாசனுக்கு இது சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

மறுநாளே கேட்டில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை தொங்கியது. தொழிற்சாலைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. அதனால் பலகையில் லோகேஸ்வரியின் நம்பரை எழுதினார். "எவன் கூப்பிட்டாலும் ஞாயித்துக்கெழமை வரச் சொல்லு. மத்தத நான் பார்த்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்ட விதம் இது. சிலிங்கில் புதுப் பலகையை அடித்து, கறை தெரிந்த இடத்தில் மட்டும் வெள்ளை பூசினார். சுவர் விரிசலில் கோயில் காலண்டரை மாட்டினார். கரையான் தின்ற கதவு நிலையில் பழைய பேப்பரைத் திணித்து, மேலே பட்டி பூசி, பழுப்பு பெயின்ட் அடித்தார். "பொண்ணு பார்க்க வர்றப்ப பவுடர் போடறதில்லையா? வீட்டுக்கும் அதான்" என்று மனைவியிடம் பெருமையடித்தார்.

முதலில் வந்தது பாலிங்கிலிருந்து பாப்பம்மா என்ற பெண்மணி. தடித்த கண்ணாடி, கையில் குடை. நாற்காலியில் உட்கார்ந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"ஏண்ணே, அந்த ஒரு எடத்துல மட்டும் வெள்ளை அடிச்சிருக்கீங்க?"

"அழகுக்குமா."

"கூரைய பார்க்கணுமே."

"கூரைய பார்க்க வந்தீங்களா, குறைய பார்க்க வந்தீங்களா?" காளிதாசனுக்குச் சுருக்கென்றது.

"கூரைய பார்த்தாத்தானேண்ணே குறை தெரியும். ஒழுகுற கூரைக்குக் கீழ புதுப் பலகை போட்டா, அடுத்த மழைக்கு அதுவும் தட்டுல விழும்."

தட்டில் விழுந்தது இந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? அதை யோசிக்க விடாமல் கோபம் முந்திக்கொண்டது. பாப்பம்மா போனதும் லோகேஸ்வரி கன்னத்தில் கை வைத்தாள். "நம்ம வீட்டுக்கே வந்து நம்ம வீட்டையே பேசிட்டுப் போறாங்க. நீங்களும் கேட்டுக்கிட்டு நிக்கிறீங்க!"

"நானா நிக்கிறேன்? ஏணிய எடு!"

அடுத்த விடுமுறை நாளில் ஏணி போட்டு ஏறினார். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே தேடினார். ஓடெல்லாம் முழுசாக இருந்தது. ஓட்டைத் திட்டினார். ஓடு செய்தவனைத் திட்டினார். பிறகுதான் அவருடைய மிஷின் மூளை விழித்தது. எண்ணெய் ஒழுகும் இடம் ஒன்று, சொட்டும் இடம் வேறொன்று இல்லையா? நனைந்திருந்த கைமரத்தைப் பிடித்து மேலே மேலே போனார். முகட்டில் சிமெந்து வெடித்து, அங்கே இறங்கிய தண்ணீர் மரத்தோடு வழிந்து ஓடிவந்து கீழே சொட்டியிருந்தது. முகட்டை உடைத்துப் புதிதாகப் பூசினார். ஒரு பெருமழை வரும்வரை காத்திருந்து, சொட்டு விழவில்லை என்று பார்த்த பிறகே சிலிங் முழுவதையும் மாற்றினார்.

அடுத்து வந்தவர் ரூபினி என்ற டீச்சர். வரவேற்பறையில் நிற்கவே இல்லை. நேராக அடுப்படிக்குப் போனார்.

"பட்டப்பகல்ல லைட்டு போட்டு சமைக்கிற வீடா இது? ஜன்னல் எங்கண்ணே?"

"ஜன்னல் எதுக்கு? அடுப்படியில நின்னு வேடிக்கையா பார்க்கப் போறீங்க?"

"மூச்சு விடப் போறேன். சிங்கி ஏன் இவ்வளவு தணிவா இருக்கு? பாத்திரம் கழுவி எந்திரிச்சா இடுப்பு நிமிருமா?" என்றபடி பேனாவால் கதவு நிலையை ஒரு தட்டு தட்டினார். பேனா உள்ளே போய்விட்டது. இழுத்தபோது அதோடு கசங்கிய பேப்பர் ஒன்று வந்தது. ரூபினி அதை விரித்து, "பந்து விளையாட்டுச் செய்தி. நிலைக்குள்ள நூலகம் வச்சிருக்கீங்க போல" என்றார்.

காளிதாசனின் காது சிவந்தது. "மக்குப் பையனைத் திட்டற மாதிரி என்னையத் திட்டிட்டுப் போறா!" என்று வீடே அதிரக் கத்தினார். கத்திக்கொண்டே அரித்த நிலையைப் பிடுங்கி எறிந்தார். புது நிலை வைக்கக் கிளம்பியவரை லோகேஸ்வரி தடுத்தாள். "கரையான் மண்ணுக்குள்ள இருக்கறப்ப புது மரம் வச்சா, அதுக்கு விருந்து வச்ச மாதிரிங்க."

"எனக்குத் தெரியும்!" என்றார். தெரியாது. ஆனால் மண்ணுக்கு மருந்து அடித்த பிறகுதான் நிலை வைத்தார். கட்டுமான ஆளைக் கூட்டிவந்து அடுப்படிச் சுவரைத் திறந்து ஜன்னல் போட்டார். சிங்கியை லோகேஸ்வரியின் இடுப்புக்கு அளவெடுத்து உயர்த்தினார். வாங்கப் போகிறவளின் இடுப்பு எந்த உயரமோ என்ற யோசனை அவருக்கு வரவே இல்லை, அவ்வளவு கோபம்.

மூன்றாவது ஆள் கோலா கெடாவிலிருந்து வந்தார். பெயர் முனியாண்டி. தூண் மாதிரி உடம்பு. "கூரை நல்லாருக்கு, அடுப்படி நல்லாருக்கு" என்று சொல்லிக்கொண்டே பாத்ரூமுக்குள் போனார். 'டமார்' என்று ஒரு சத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"தலைவரே, இது பாத்ரூமா, சறுக்கு மரமா? முட்டி வலிக்காரங்க இதுல குந்தி எந்திரிக்க முடியுமா? சும்மா கொடுத்தாலும் வேணாம்லா!"

"சும்மாவா? உனக்கு எவன்யா சும்மா கொடுக்கறான்!" கேட் வரைக்கும் துரத்தினார் காளிதாசன்.

அந்தக் கோபத்தில் பழைய தரை தூள் தூளானது. தண்ணீர் தேங்காமல் ஓட வாட்டம் பார்த்துச் சொரசொரப்பான டைல்ஸ் ஒட்டினார். உட்காரும் கக்கூஸ் வந்தது. பக்கத்துச் சுவரில் எழுந்திரிக்கக் கைப்பிடி வந்தது. லோகேஸ்வரி அதைப் பிடித்து எழுந்து பார்த்தாள். "வாங்கப் போறவங்க கொடுத்து வச்சவங்க" என்று பெருமூச்சு விட்டாள்.

எல்லாம் முடிந்து கடைசியாகப் பெயின்ட் அடித்தபோது வீடு புதுமாப்பிள்ளை மாதிரி நின்றது. அதைப் பார்த்தாலும் காளிதாசனுக்குக் கோபம்தான். நாம் முதுகு ஒடிய வேலை செய்வோமாம், எவனோ வந்து ஜன்னல் காற்று வாங்குவானாம்! ஆனால் சொன்ன சொல் சொன்னதுதான். பலகையை நம்பிப் பயனில்லை என்று புவனேசன் என்ற வீட்டுத் தரகரிடம் விஷயத்தை ஒப்படைத்தார்.

அதற்கடுத்த ஞாயிறு காலை, குளித்துவிட்டு வந்தவரிடம் லோகேஸ்வரி பையை நீட்டினாள். "கோலா கெடா மீன் பசாருக்குப் போயி நண்டு வாங்கிட்டு வாங்க. உள்ள கடைசிக் கடைதான் நல்லாருக்குமாம்."

"அவ்வளவு தூரமா? இங்க நண்டு இல்லையா?"

"புது அடுப்படியில ஒரு தடவையாச்சும் நண்டு சமைக்கணும்ங்க. அப்புறம் வீடே நம்மளோடது இல்ல."

அதற்கு என்ன சொல்வது? கிளம்பினார்.

கடைசிக் கடையில், ரப்பர் பூட்ஸும் ஏப்ரனுமாக மீன் வெட்டிக்கொண்டிருந்தார் முனியாண்டி. பக்கத்தில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்தது பாப்பம்மா. இன்னொரு பக்கம் ரூபினி டீச்சர். மூன்று பேரும் அவரைப் பார்த்தார்கள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

"வாங்க தலைவரே! லோகா போட்டோ அனுப்புனா. பாத்ரூம் அசத்திட்டீங்க!" என்றார் முனியாண்டி.

"லோகாவா?" என்றார் காளிதாசன்.

"தெரியாதாண்ணே? நாங்க எல்லாரும் ஒரே எஸ்டேட்டு. லோகாவோட ஒரே தமிழ்ப்பள்ளி, ஒரே வகுப்பு" என்றார் பாப்பம்மா. "நான் கூரைய சொல்லணும், ரூபினி அடுப்படி, முனியாண்டி பாத்ரூம். அவ பிரிச்சுக் கொடுத்தபடி நாங்க பேசுனோம்."

"பேனா குத்துனது மட்டும் என் சொந்த யோசனை" என்றார் ரூபினி.

முனியாண்டி நண்டுக்குக் காசு வாங்கவில்லை. அது இன்னும் எரிச்சலூட்டியது. திரும்பி வரும் வழியெல்லாம் காடியை ஓட்டியபடி தனியாகக் கத்திக்கொண்டு வந்தார். முன்னால் போன லாரி, சிவப்பு விளக்கு, வயலில் நின்ற கொக்கு, ஒன்றையும் விடவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் நண்டுப் பையைச் சிங்கியில் எறிந்தார். "நாடகமா நடத்துற? என்னைய வச்சுக் கூத்தா?"

"ஆமா" என்றாள் லோகேஸ்வரி.

மறுப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தவர் திணறினார். அவள் குரலும் உயர்ந்தது. அது அந்த வீட்டுக்குப் புதுசு.

"கட்டிட்டு வந்த நாள்லேர்ந்து சொல்றேன். ஒண்ணாச்சும் காதுல விழுந்துச்சா? இந்த முட்டியோட குந்தி எந்திரிக்க நான் பட்ட பாட்ட ஒரு நாளாச்சும் கேட்டீங்களா? பொண்டாட்டி சொன்னா 'பார்க்கலாம்லா.' ஊர் பேர் தெரியாதவங்க சொன்னா மறுவாரமே ஏணி! அதான் ஊர்க்காரங்கள வச்சு சொல்ல வச்சேன். தப்பா?"

காளிதாசன் வாயைத் திறந்தார். அவள் முட்டியைப் பார்த்தார். பதில் இல்லாத கோபம்தான் பொல்லாதது. அது யார் தலையில் இறங்கலாம் என்று இடம் தேடிக்கொண்டே நிற்கும்.

வாசலில் காடி வந்து நின்றது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் இறங்கினார். "வணக்கம் தம்பி. என் பேர் இராசையா. வீடு பார்க்க வந்தேன்."

காளிதாசன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். லோகேஸ்வரி நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். ஓகோ, நாலாவது ஆளா! வரட்டும்.

"வாங்கய்யா வாங்க! நல்லா பாருங்க!"

இராசையா பொறுமையாகச் சுற்றிப் பார்த்தார். "கூரை வேலை சுத்தமா செய்திருக்கிறீங்க."

"அப்படித்தான் சொல்லச் சொன்னாங்களா?"

"யாரு தம்பி? குளியலறையில கைப்பிடி வச்சது நல்ல யோசனை. என் மனைவிக்கும் முழங்கால் நோவு."

"உங்க வீட்டுலயும் முட்டி வலியா! எல்லா முட்டியும் ஒண்ணா சேர்ந்துதான் கெளம்பியிருக்கு! சரி, நீங்க எந்த வகுப்பு?"

பெரியவர் விழித்தார். "நான்... அந்தக் காலத்து சீனியர் கேம்பிரிட்ஜ், தம்பி."

"பலே! நல்லா நடிக்கிறீங்க!"

"எனக்கு வீடு பிடிச்சிருக்கு. நீங்க கேட்ட விலையையே கொடுக்கிறேன். பேரம் வேண்டாம்."

காளிதாசன் வெடித்தார். "பேரம் பேசாம வீடு வாங்குற மனுசன் இந்தக் கெடா மாநிலத்துல இருக்கானாய்யா? நடிக்கிறதயாச்சும் ஒழுங்கா நடிக்கக் கூடாதா? இது என் வீடு! முதுகொடிய நான் கட்டுன முகடு, நான் ஒட்டுன டைல்ஸ்! நீங்களும் வேணாம், உங்க வெலையும் வேணாம். கெளம்புங்க!"

இராசையா செருப்பை மாட்டியும் மாட்டாமலும் காடிக்கு ஓடினார். காளிதாசன் கேட்டிலிருந்த பலகையைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தார். முழங்கால் வலித்தது. இருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்தது. நொண்டிக்கொண்டே அடுப்படிக்கு வந்தார்.

"பார்த்தியா? நாலாவது ஆள எப்படிக் கண்டுபிடிச்சேன்! இனி உன் நாடகம் எங்கிட்ட நடக்காது. அந்த ஆளு உங்க எஸ்டேட்டுல யாரு?"

"அவர எனக்குத் தெரியாதுங்க." லோகேஸ்வரி நண்டை உடைத்தாள். "காலையில நீங்க குளிக்கிறப்ப தரகர் புவனேசன் கூப்பிட்டாரு. அலோர் ஸ்டார்லேர்ந்து ஒரு பெரியவரு வர்றாராம். பணம் ரெடியாம். வீடு பிடிச்சா இன்னிக்கே முடிச்சிருவாராம்."

காளிதாசன் மெல்ல நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஜன்னல் வழியாக நல்ல காற்று வந்தது.

"அப்ப அவரு நெசமாவே வீடு வாங்க வந்தவரா? அடிப்பாவி, இத ஏன் மொதல்லயே சொல்லல?"

"சொன்னா வித்திருப்பீங்களே" என்றாள் லோகேஸ்வரி. "பின்ன எதுக்குங்க உங்கள இன்னிக்கின்னு பார்த்து முனியாண்டி கடைக்கே நண்டு வாங்க அனுப்புனேன்?"