கேள்விக்குறி இருந்தால்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுவது. நீயும் உன் கம்ப்யூட்டரும் நலமாக இருப்பீர்கள். நான் நலமில்லை. போனில் சொன்னால் சிரிப்பாய் என்றுதான் கடிதம்.

தையல்காரன் மிஷினை விட்டு எழுந்து எழுந்து போனைப் பார்த்தால் பிழைப்பு நடக்காது என்று, தானாகப் பதில் அனுப்பும் நிரல் ஒன்றை என் போனுக்கு எழுதிக் கொடுத்தாயே, அதனால் வந்த வினை இது. "ரொம்ப சுலபம் அத்தான். மேலேர்ந்து கீழ பாத்துக்கிட்டே வரும். எந்த நிபந்தனை முதல்ல பொருந்துதோ அதைச் செஞ்சிட்டு, மத்ததைத் திரும்பிக்கூடப் பாக்காது" என்றாய். செய்தியில் கேள்விக்குறி இருந்தால் 'நாளைக்குக் கட்டாயம்' என்று அனுப்ப வேண்டும். இல்லை, அக்காவின் எண்ணாக இருந்தால் மணி அடித்து என்னைக் கூப்பிட வேண்டும். இரண்டும் இல்லையென்றால் 'அளவுச் சட்டையோடு வரவும்'. நானும் பெரிதாகத் தலையாட்டினேன். உன் அக்கா கேள்விக்குறி இல்லாமல் என்னிடம் என்றைக்குப் பேசியிருக்கிறாள்? கூடப் பிறந்த உனக்குமா தெரியாது?

ஊரார் துணியெல்லாம் தைக்கிற எனக்கு அவள் துணியைத் தைக்க மட்டும் நேரமில்லை என்று என்னோடு சண்டை போட்டுக்கொண்டு பெரியக்கா வீட்டுக்குப் போனவள், நேற்று மனசு இறங்கி, "உங்க கோபம் தீர்ந்துதா?" என்று செய்தி அனுப்பியிருக்கிறாள். 'நாளைக்குக் கட்டாயம்.' "அப்ப நான் வரணுமா, வேண்டாமா?" 'நாளைக்குக் கட்டாயம்.' நான் பாட்டுக்குக் காலர் வெட்டிக்கொண்டிருக்கிறேன், மணி அடித்தால்தானே! கடை மூடும்போதுதான் பார்த்தேன். வாடிக்கையாளரைத் தட்டிக்கழிக்கிற பேச்சைப் பெண்டாட்டியிடம் சொன்னா எவ பொறுத்துக்குவா? காலையிலிருந்து கூப்பிடுகிறேன், எடுக்கவே மாட்டேன் என்கிறாள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு இருப்பே கொள்ளவில்லை மச்சான்.

முதல் வேலையாக அக்காவின் நிபந்தனையைத் தூக்கி எல்லாவற்றுக்கும் மேலே வை. அப்புறம் அவளைக் கூப்பிட்டு, "அதைச் சொன்னது அத்தான் இல்ல, மிஷின்"னு எடுத்துச் சொல்லு. உனக்குப் புண்ணியமாகப் போகும். குழந்தைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனால் வாசலில் பெட்டியோடு உன் அக்கா! பஸ் இரைச்சலில் போன் அடித்தது கேட்கவில்லையாம். "இத்தனை வருஷத்துல இப்பதான் வாயைத் திறந்து 'கட்டாயம்'னு கூப்பிட்டிருக்கீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். இதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் பின்னாளில் நீயே ஏதாவது உளறிவைத்தால் என்ன செய்வது என்றுதான் அனுப்புகிறேன். நிரலில் கை வைக்காதே. அக்காவிடம் மூச்சு விடாதே. அதைச் சொன்னது நான்தான்.